எங்கள் மொட்டை மாடியில் இரண்டு முறை சோலார்

2013 ஜனவரியில் ஏழரைப் பவுன் நகையை விற்று எங்கள் வீட்டுக்கு சோலார் போட்டேன். 2024 ஜூனில் மறுபடியும் போட்டேன். இந்த முறை மானியம் போகக் கையை விட்டுப் போனது அன்றைய விலைக்கு இரண்டேகால் பவுன். முதலில் போட்டது 1 கிலோவாட். இப்போது மாடியில் இருப்பது 3 கிலோவாட்டுக்கும் கொஞ்சம் மேலே. சோலார் விலை இறங்கிய கதை எனக்கு எங்கள் வீட்டு நகைப் பெட்டியிலேயே இருக்கிறது.

ஊர் கோவில்பட்டி. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கண்ணில் பட்டதை எல்லாம் நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. சோலாருக்கென்று இரண்டு நோட்டு இருக்கிறது. இங்கே சொல்லும் எண்களில் என் வீட்டைப் பற்றியவை எல்லாம் அந்த நோட்டுகளில் இருப்பவை.

2012-ஐ மறந்தவர்கள் இருக்க முடியாது. சென்னைக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு. எங்களைப் போன்ற ஊர்களில் ஒரு நாளில் 12 மணி நேரம், சில நாள் 14 மணி நேரம். புரட்டாசி வரை கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும், கொஞ்சம் மூச்சு விடலாம். ஐப்பசி பிறந்து காற்று நின்றதும் நிலைமை மோசமானது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் அந்த பேட்டரி சார்ஜ் ஏறுவதற்கே கரண்ட்டு இல்லை. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும்; பேட்டரி பாதி கூட நிறையாது. மகள் அப்போது பிளஸ் டூ. மார்ச்சில் பொதுத் தேர்வு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இயற்பியல் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வளையல்களைக் கழற்றினேன்.

அன்றைய பில் இன்னும் இருக்கிறது. 250 வாட் பேனல் நான்கு, 50,000 ரூபாய். 150 ஏ.எச். பேட்டரி நான்கு, 56,000. இன்வெர்ட்டர் 38,000. ஸ்டாண்டு, வயர், கூலி 28,000. மொத்தம் 1,72,000. பவுன் விலை 23 ஆயிரத்தை ஒட்டி இருந்தது.

பலன் கிடைத்தது, அதை மறைக்க மாட்டேன். இரவு முழுக்க இரண்டு ஃபேன், மூன்று லைட் ஓடின. தெருவே இருட்டாக இருக்கும்போது எங்கள் முன்னறையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்து படித்தார்கள். மகள் நல்ல மார்க் எடுத்தாள், பொறியியல் படித்தாள், கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். அந்த நகையை விற்றதற்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

ஆனால் அந்த நான்கு பேட்டரிகளோடு குடும்பம் நடத்தியது தனிக் கதை. மாடிப்படிக்குக் கீழே வரிசையாக இருந்தன. ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு மூடியாகத் திறந்து பேட்டரித் தண்ணீர் ஊற்ற வேண்டும். மிதவையின் சிவப்புக் கோடு தெரிந்தால் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு நாள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஊற்றிவிட்டு, துடைத்த துணியை மடியில் வைத்துவிட்டேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. சேலையைத் துவைத்துக் காயப் போட்டபோதுதான் பார்த்தேன், மடிப்பு மடிப்பாக வரிசையாகப் பொத்தல். ஆசிட் தொட்ட இடம் அப்படியே இற்றுப் போயிருந்தது. அதற்கப்புறம் அந்த அறைக்குள் பழைய துணியும் கையுறையும் இல்லாமல் போனதில்லை.

அதைவிடப் பெரிய விஷயத்தை நோட்டு காட்டியது. 1 கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளில் சராசரியாக 4 யூனிட் தரும். எனக்குப் பயன்பட்டது இரண்டேகால் யூனிட்தான். காலை பதினொன்றரைக்கே பேட்டரி நிறைந்துவிடும். அதற்குமேல் அடிக்கிற வெயில் அத்தனையும் வீண். நிறைந்த குடத்தின் மேல் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. மாவாட்டுவது, இஸ்திரி போடுவது எல்லாவற்றையும் விடுமுறை நாட்களில் நடுப்பகலுக்கு மாற்றிப் பார்த்தேன். அப்படியும் இரண்டேமுக்காலைத் தாண்டவில்லை.

நான்காவது வருஷம் பேட்டரி தளர்ந்தது. வாங்கிய கடையைத் தேடிப் போனால் அங்கே செல்போன் கடை இருந்தது. வாரண்டி அட்டையில் கடை முத்திரை மட்டும்தான், பேட்டரி எண் கூட எழுதித் தரவில்லை. 2017-ல் 58,000 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டேன். அதுவும் 2021-ல் படுத்துவிட்டது. அதற்குள் மின்வெட்டும் வெகுவாகக் குறைந்திருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். எட்டு வருஷத்தில் போட்ட பணம் 2,30,000. எடுத்த கரண்ட்டு சுமார் 6,570 யூனிட். வகுத்துப் பார்த்தால் ஒரு யூனிட் 35 ரூபாய்.

இந்த 35 ரூபாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரியாமலே அந்தப் பதினொரு வருஷத்தில் வெளியே பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. வெயிலைக் கரண்ட்டாக மாற்றுகிற சிலிக்கான் செல்லை (பல செல்களைச் சேர்த்துக் கோத்ததுதான் பேனல்) அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1954-ல் செய்து காட்டினார்கள். விழுகிற வெயிலில் 6 சதவீதத்தைத்தான் அது மின்சாரமாக மாற்றியது. முதலில் செயற்கைக்கோள்களுக்குத்தான் பயன்பட்டது, ஏனென்றால் வேறு யாராலும் அந்த விலை கொடுக்க முடியாது. 1977-ல் ஒரு வாட் செல்லின் விலை சுமார் 76 டாலர். 2024-ல் உலகச் சந்தையில் ஒரு வாட் பேனலே 10 சென்ட் அளவுக்கு வந்துவிட்டது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, டியூஷன் பிள்ளைகளுக்குப் பெருக்குத் தொடர் நடத்தும்போது இதைத்தான் போடுவேன். ஸ்வான்சன் விதி என்று சொல்கிறார்கள். உலகில் இதுவரை தயாரித்த பேனல்களின் மொத்த அளவு ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் விலை ஏறக்குறைய 20 சதவீதம் குறைகிறது. 100 ரூபாய் 80 ஆகும், அப்புறம் 64, அப்புறம் 51. பத்து முறை இரட்டித்தால் கிட்டத்தட்ட 11 ரூபாய். ஏதோ ஒரு நாள் ஒரு மேதை கண்டுபிடித்து விழுந்த விலை கிடையாது இது. செய்யச் செய்யக் கை பழகுவதுதான். சிலிக்கானிலிருந்து சீவி எடுக்கிற தகடு மெலிந்தது, வைரத் துகள் பதித்த கம்பியால் அறுக்கத் தொடங்கியதும் சேதாரம் குறைந்தது, செல்லின் மேல் ஓடுகிற வெள்ளிக் கோடுகள் தலைமுடி மாதிரி ஆயின. அதே அளவு கண்ணாடிக்குள் அதிக வாட் வந்தது.

யாராவது முதலில் அதிக விலை கொடுத்து வாங்கினால்தானே மொத்த அளவு இரட்டிக்கும்? ஜெர்மனி 2000-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, கூரையில் தயாரிக்கிற கரண்ட்டுக்கு 20 வருஷம் உறுதியான விலை தந்தது. அந்தத் தேவையை நம்பிச் சீனாவில் தொழிற்சாலைகள் முளைத்தன. நம் நாட்டில் 2010-ல் தேசிய சூரிய சக்தித் திட்டம் வந்தது. குறைந்த விலைக்கு கரண்ட்டு தருகிற கம்பெனியைத் தேர்ந்தெடுக்க அந்த வருஷக் கடைசியில் நடந்த ஏலத்தில், ஒரு யூனிட்டுக்கு 11, 12 ரூபாய் கேட்டார்கள். 2017-ல் ராஜஸ்தானின் பட்லாவில் அது 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு. நான் நகை விற்ற சமயத்தில் இந்தியா முழுக்க இருந்த சோலார் 2 கிகாவாட்டுக்கும் (ஒரு கிகாவாட் என்றால் பத்து லட்சம் கிலோவாட்) கீழே. 2025 ஜனவரியில் 100 கிகாவாட்டைத் தாண்டியது.

கமுதிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இதைக் கண்ணாலும் பார்த்தேன். அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தவரை கருவேலங்காடுதான். 2016-ல் அங்கே 648 மெகாவாட் நிலையம் வந்தது, சுமார் 2,500 ஏக்கர். காரில் போகப் போக நீலப் பலகைகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தன. எதுவும் விளையாத பூமி என்று பெண் கொடுக்கவே யோசிப்பார்கள் அந்த ஊர்களுக்கு. அந்த வெயிலுக்கு ஒரு மதிப்பு வந்திருக்கிறது என்று நினைத்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

சரி, என் மாடிக்கு வருகிறேன்.

2024 பிப்ரவரியில் பிரதமர் சூர்ய கர் திட்டம் அறிவித்தார்கள். முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதற்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000. எங்கள் வீட்டில் அதற்குள் ஏ.சி. இரண்டாகியிருந்தது. இரண்டு மாதத்துக்கு 620 யூனிட்டிலிருந்து கோடையில் 780 யூனிட் வரை போகும்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு 500 யூனிட் ஒரு எல்லைக்கோடு. அப்போது நடைமுறையில் இருந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட் ஓடினால் 2,030. பத்து யூனிட்டுக்காக 305 ரூபாய் கூடுகிறது, ஏனென்றால் கோட்டைத் தாண்டியதும் கீழே உள்ள அடுக்கின் சலுகை விலையும் போய்விடும். 780 யூனிட்டுக்கு 4,370 கட்டியிருக்கிறேன். அதனால் 500-க்கு மேல் ஓடுகிறவர்களுக்கு சோலார் சீக்கிரம் கை கொடுக்கும். 300 யூனிட்டுக்குள் இருக்கிற வீடு என்றால் அப்போது பில்லே 675 ரூபாய்தான். அவர்கள் கடன் வாங்கி 3 கிலோவாட் போட வேண்டாம். இதை என்னிடம் கேட்ட மூன்று குடும்பங்களுக்கு அப்படியே சொன்னேன். பேனல் விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

விண்ணப்பம் போட உட்கார்ந்தபோதுதான் முதல் முட்டுக்கட்டை. எங்கள் மின் இணைப்பு மாமனார் பெயரில் இருந்தது. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. பில் கட்டிக்கொண்டே இருந்தோம், பெயரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. விண்ணப்பிப்பவர் பெயர், இணைப்பின் பெயர், மானியம் வரும் வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே ஆளுக்கு இருந்தால்தான் சிக்கல் வராது. வாரிசுச் சான்றிதழ், கொழுந்தனாரின் சம்மதக் கடிதம், வீட்டு வரி ரசீது என்று பெயர் மாற்றுவதற்கே இரண்டு மாதம் போனது. சோலார் போடுகிற எண்ணம் இருக்கிறவர்கள் இன்றைக்கே ஈ.பி. அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள்.

மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கினேன். ஒன்று மட்டும் மிக மலிவு. விசாரித்தால் வெளிநாட்டு செல் போட்ட பேனல். மானியம் வேண்டுமென்றால் செல்லும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், அதன் விலை கூடுதல். எனக்கு வெளிநாட்டுப் பேனல் வாட்டுக்கு 16 ரூபாய் சொன்னார்கள், உள்நாட்டுப் பேனல் 26. மலிவு கொட்டேஷனில் இதைச் சொல்லாமல் "மானியம் வரும்" என்று மட்டும் எழுதியிருந்தது. பேனல் கம்பெனி, மாடல், இந்தியச் செல்லா என்பது மூன்றும் கொட்டேஷனிலேயே எழுத்தில் இல்லாவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கடைசியில் முடிவானது இது. இந்த முறை பேட்டரி கிடையாது, ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடுகிற சோலார். 540 வாட் பேனல் ஆறு, 84,000. இன்வெர்ட்டர் 32,000. இரும்பு ஸ்டாண்டு 38,000. வயர், பெட்டிகள், எர்த், இடிதாங்கி 24,000. கூலி, மற்றவை 20,000. மொத்தம் 1,98,000, மானியம் போக 1,20,000.

இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2013-ல் ஒரு வாட் பேனல் 50 ரூபாய், இப்போது 26. அரிசி, பருப்பு, பவுன் எல்லாம் ஏறிய பதினொரு வருஷத்தில் இது பாதியாகியிருக்கிறது. ஆனால் ஸ்டாண்டு, வயர், கூலி எல்லாம் சேர்த்து அன்றைக்கு 28,000, இன்றைக்கு 82,000. இரும்பு விலையும் ஆள் கூலியும் ஏறத்தான் செய்யும். பேனல் விலை விழுந்ததை எல்லோரும் பேசுகிறோம். நம் பணத்தில் பாதிக்கு மேல் போவது பேனல் அல்லாதவற்றுக்கு. போடுகிறவர்கள் மிச்சம் பிடிப்பதும் அதில்தான், பிற்காலத்தில் தொல்லை வருவதும் அதில்தான். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

ஸ்டாண்டை எடுத்துக்கொள்வோம். போட வந்த தம்பி நல்ல பையன், வேலை தெரிந்தவன். "டீச்சர், தளத்துல நாலு ஓட்டை போட்டு போல்ட் அடிச்சிருவோம், ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்றான். எங்கள் ஊர் ஆடிக் காற்று சாமானியம் கிடையாது. இதே தெருவில் தகர ஷெட்டின் கூரை பறந்து நான்கு வீடு தள்ளி விழுந்திருக்கிறது. தளத்தை ஓட்டை போட்டால் ஐப்பசி மழைக்கு ஒழுகவும் செய்யும். தளத்தின் மேல் ஓட்டை போடாமல் கான்கிரீட் கட்டை வார்த்து, அதற்குள் கால்களை நிறுத்தச் சொன்னேன். இரண்டு நாள் கூடுதல், 6,000 ரூபாய் கூடுதல். மேலே சொன்ன 38,000-க்குள் அதுவும் அடங்கும். ஏழடி உயரத்தில் வைத்ததால் கீழே வடகம் காயப் போடவும் துணி உலர்த்தவும் இடம் அப்படியே இருக்கிறது. இரண்டு ஆடி போய்விட்டது, ஒரு நட்டு கூட அசையவில்லை.

எர்த்தும் அப்படித்தான். பேனல் பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டர் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று மூன்று குழி தனித்தனியாக வேண்டும். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக் கட்டிவிட்டு மூன்றுக்கும் பில் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். குழி தோண்டும்போது நின்று பாருங்கள். பேனலின் பின்னால் உள்ள எண்ணையும் மேலே ஏற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், முன்னால் பேட்டரியில் பட்டது போதும் என்று நான் அப்படித்தான் செய்தேன்.

நெட் மீட்டர், அதாவது லைனிலிருந்து நாம் எடுப்பதையும் லைனுக்குக் கொடுப்பதையும் கணக்கு வைக்கிற மீட்டர், வைத்த முதல் மாதத்திலேயே ஒரு பகல் பதினொரு மணிக்குக் கரண்ட்டு போனது. வீடு முழுக்க நின்றுவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த கொழுந்தனார் மாடிக்கும் கீழுக்குமாக நடந்துவிட்டு, "என்ன மதினி, மேல இம்புட்டு வெயில் அடிக்குது, கீழ ஃபேன் ஓடலையே?" என்று கேட்டார். ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடுகிற சோலார் இப்படித்தான் செய்யும். லைனில் கரண்ட்டு இல்லையென்றால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மேல் நம் வீட்டுக் கரண்ட்டு பாயும். அது ஒரு உயிர் சம்பந்தப்பட்ட ஏற்பாடு. எனக்கு இது முன்பே தெரியும், அதனால் ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஒரு பேட்டரியோடு பழைய மாதிரி சின்ன இன்வெர்ட்டர் வாங்கும் திட்டத்தில் இருந்தேன். அடுத்த வாரமே வாங்கிவிட்டேன். சோலார் போட்டால் கரண்ட்டு போகாது என்று நம்பிப் பணம் கட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நிழல் விஷயத்தில்தான் நானே தவறினேன். கணக்கு டீச்சர், கோணமும் நிழலும் நடத்தியவள், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

பேனல் போட்டது ஆனி மாதம். மாடியைச் சுற்றிப் பார்த்தோம், காலை முதல் மாலை வரை ஒரு நிழல் இல்லை. தென்கிழக்கில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருந்தது, அதன் நிழல் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆடி, ஆவணி, புரட்டாசி நன்றாகப் போனது. நல்ல வெயில் நாளில் 13, 14 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழை மாதம், குறையும் என்று தெரியும். மழை நாளில் 4 யூனிட் கூட எழுதியிருக்கிறேன். ஆனால் மார்கழியில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்த நாட்களிலும் 9 யூனிட்டைத் தாண்டவில்லை. நோட்டைப் பார்க்கப் பார்க்க உறுத்தியது.

ஒரு நாள் காலை எட்டேகால் மணிக்குக் காபி டம்ளரோடு மேலே போனேன். வாசலில் கோலம் போட்ட ஈரம்கூடக் காயாத நேரம். தொட்டியின் நிழல் சாய்வாக நீண்டு வந்து, கீழ் வரிசையில் இரண்டு பேனலின் ஓரத்தில் கையகலத்துக்கு விழுந்திருந்தது. கையகலம்தான். பத்து மணி வரை அங்கேயே நகர்ந்துகொண்டு இருந்தது.

ஆனியில் சூரியன் எங்கள் ஊருக்கு வடக்கே போய்விடுகிறது. நடுப்பகலில் கூட வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அதனால் தெற்கே இருக்கிற எதன் நிழலும் நம் மேல் விழாது. மார்கழியில் அது தெற்கே நன்றாகச் சரிந்துவிடும், உச்சி வேளையில் 57 டிகிரி உயரம்தான். அப்போது தெற்கில் உள்ள சின்னக் கைப்பிடிச் சுவர் கூட நிழலை நீட்டும். ஊருக்கே தெரிந்த தட்சிணாயனம், உத்தராயணம்தான் இது. நான் சித்திரையிலும் ஆனியிலும் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்துவிட்டேன்.

கையகல நிழலுக்கு ஏன் இவ்வளவு இழப்பு என்றால், செல்கள் எல்லாம் தொடராக இணைந்திருக்கின்றன. கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவார்களே, நடுவில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் வரிசையே தேங்கும் இல்லையா, அது மாதிரி. பேனலுக்குள், நிழல் விழுந்த பகுதியை விட்டுக் கரண்ட்டைச் சுற்றி அனுப்புகிற டையோடு இருப்பதால் மொத்தமும் நின்றுவிடாது. ஆனாலும் நிழல் விழுந்த இடத்தைப் போலப் பல மடங்கு இழப்பு வரும். அந்தத் தம்பியை வரவழைத்து, கீழ் வரிசையின் இரண்டு பேனலைக் கழற்றி வடமேற்கு ஓரத்தில் ஸ்டாண்டை நீட்டிப் பொருத்தினோம். 4,500 ரூபாய். மறுநாளே 12 யூனிட்.

அப்புறம் வெயிலைப் பற்றி ஒன்று. கத்திரி வெயிலில்தான் அதிகம் வரும் என்று நினைப்போம். என் நோட்டில் மாசியும் பங்குனியும்தான் முதலிடம், 15, 16 யூனிட் வரை. பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. செல்லின் சூடு 25 டிகிரி இருக்கும்போது தருவதைத்தான் 540 வாட் என்று எழுதுகிறார்கள். சித்திரை மதியத்தில் செல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். அதனால்தான் பேனலுக்கு அடியில் காற்று ஓட வேண்டும் என்பது. உயரத்தில் வைத்தது அதற்கும் உதவியது.

துடைப்பது வாரம் ஒரு முறை, விடியற்காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது. கரிசல் புழுதி எங்கள் ஊரில் நிற்காது. போர் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டால் வெள்ளையாக உப்புப் படியும், அதனால் குடிநீரில் நனைத்த துணி. தவறாமல் துடைத்த வாரத்துக்கும் விட்ட வாரத்துக்கும் ஒரு நாளில் ஒரு யூனிட் வித்தியாசம் கண்டிருக்கிறேன்.

இப்போது கணக்கு எங்கே நிற்கிறது என்றால், ஒரு நாள் சராசரி 13 யூனிட். மழைக்கால பில்லைத் தவிர மற்றவை சில நூறு ரூபாய்க்குள் அடங்குகின்றன. வருஷத்துக்கு 20 ஆயிரத்தை ஒட்டி மிச்சம், ஆறு வருஷத்தில் போட்ட பணம் திரும்பும். பேனல் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் தளர்வதையும், நடுவில் ஒரு முறை இன்வெர்ட்டர் மாற்ற 40,000 ஆவதையும் சேர்த்து, 20 வருஷத்துக்குக் கணக்குப் போட்டாலும் ஒரு யூனிட் 2 ரூபாய்க்குக் கீழே நிற்கிறது. மானியமே இல்லையென்று வைத்தாலும் 3 ரூபாயைத் தொடாது. 35 ரூபாயில் தொடங்கியவள் நான்.

எதிர் வீட்டு அண்ணாச்சி ரொம்ப நாளாக, "டீச்சர், இன்னும் விலை இறங்கும்கிறாங்களே, பொறுத்துப் பார்ப்போமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பில் அளவுதான் அவருக்கும். ஒரு வருஷம் பொறுத்தால் 20 ஆயிரம் ரூபாய் பில்லாகப் போகும். அதை ஈடு கட்ட பேனல் விலை அந்த ஒரு வருஷத்தில் கால் பங்கு விழ வேண்டும். கணக்கைக் காட்டியதும் யோசித்தார். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதும் போட்டுவிட்டார். பேட்டரியும் வைக்கச் சொல்லி அவரிடம் ஒருவர் கேட்டாராம். லித்தியம் பேட்டரி விலையும் பேனல் மாதிரியே இறங்கிக்கொண்டு வருகிறது. எங்கள் தெருவில் இப்போது கரண்ட்டு போவது மாதத்துக்கு ஓரிரு முறைதான், அதற்கு அவசரம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த நான்கு பேட்டரிகளை நான் மறக்கவில்லை.

புது பேனல் போட வந்த தம்பி, 2013-ல் வாங்கிய பேனல்களைப் பழைய இரும்புக்குப் போடலாமா என்று கேட்டான். மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பதினொரு வருஷ வெயிலும் மழையும் பட்ட பிறகு, நான்கில் மூன்று இன்னும் 200 வாட்டுக்கு மேல் தந்தன. அவற்றைக் கொழுந்தனார் தோட்டத்து மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டோம். ஒரு பேட்டரியோடு இரண்டு லைட், ஒரு ஃபேன். கன்று ஈனுகிற நேரத்தில் ராத்திரி டார்ச் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்று கொழுந்தனார் மனைவி போனில் சொன்னாள்.

மகள் கோயம்புத்தூரில் வீடு கட்டிக் குடி போயிருக்கிறாள். போன மாதம் கூப்பிட்டு, "அம்மா, நல்ல கொட்டேஷன் வந்திருக்கு, இந்த வாரம் அட்வான்ஸ் கொடுத்தா விலை குறைச்சுத் தர்றாங்களாம்" என்றாள். தெற்குப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு மாடி வீடும் ஒரு தென்னையும் என்றாள். மார்கழி வரட்டும், காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வை, நான் பொங்கலுக்கு வரும்போது பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.